பஸ்ஸில் போன மதுரம்

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, திருவாரூர்ப் பக்கத்துக் கல்யாணம் பாதி நிலத்தை மனைவி மதுரத்தின் பேருக்கு மாற்றியிருந்தார். அதை உழுதுவந்த கண்ணுசாமி, தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டுவிட்டார். தஞ்சாவூரில் விசாரணை. ஆட்சேபணையில் கையெழுத்துப் போட மதுரம் வந்தாக வேண்டும்.

"அவன் பஸ்ல வர்றதுக்குள்ள ஆபீசரைப் பாத்துடணும்" என்று கல்யாணம் புதிதாக வாங்கிய பழைய அம்பாசிடரை விரட்டினார். கொரடாச்சேரி தாண்டி, கண்ணுசாமி வந்த பஸ்ஸை ஹாரன் அலற முந்தினார். மதுரம் கதவுப் பிடியை விடவேயில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சற்று நேரத்தில் அதே பஸ் பின்னால் வந்து நின்றது. மதுரம் காரைவிட்டு இறங்கினாள்.

"ஏன்னா, பறந்து வந்து பஸ்ஸுக்கு முன்னாடிதானே நிக்கறேள்? எனக்கு வயத்தைப் பெரட்டறது. நான் பஸ்லயே வரேன்."

"வா, வா. நான் முன்னாடி போய் எல்லாத்தையும் முடிச்சு வைக்கறேன்" என்றார் கல்யாணம் ரோஷத்துடன்.

கேட் திறந்ததும் பாய்ந்தார். அம்மாப்பேட்டை அருகே பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்ததும் வண்டி நெல்லில் வழுக்கி, வாய்க்காலில் மூக்கை நுழைத்தது. நெல்லுக்குச் சொந்தக்காரி அம்சம் துடைப்பத்துடன் ஓடிவந்தாள்.

"எங்க கெளம்பறீங்க? தள்ளிவிட்ட நெல்லை அள்ளிக் குடுத்துட்டுப் போங்க!"

கல்யாணம் வேட்டியை மடித்துக் கட்டி நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பஸ் கடந்துபோனது. ஜன்னலோரம் மதுரம் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தபடி, பக்கத்துச் சீட்டுக் கண்ணுசாமியிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கிவிட்டு, அவர் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது விசாரணை முடிந்திருந்தது. வராந்தாவில் மதுரம் நின்றாள்.

"ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"நெலம் யார் பேர்லன்னு ஆபீசர் கேட்டார். என் பேர்லன்னேன். அதுக்கப்புறம் யாரைக் கேக்கணும்னு எனக்குத் தெரியலை. அவர்தானே வருஷக்கணக்கா உழறார்? குத்தகை நெல்லை இனிமே என் கையிலயே அளக்கறேன்னிருக்கார்."

கல்யாணம் சுற்றிலும் பார்த்தார். கத்தலாமென்றால் ஆபீஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. கோபத்தைவிடப் பசி அதிகமாக இருந்தது அவருக்கே அவமானமாகப் பட்டது.

"ஐயா இன்னும் சாப்பிடலையே" என்றார் கண்ணுசாமி. "எதிர்ல கிளப்புக்கடை இருக்கு, வாங்க."

மதுரம் முன்னால் நடந்தாள். சேற்று வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கல்யாணம் பின்னால் போனார்.