தட்டில் வந்த தஸ்பீஹ் மணி

சர்க்கரை டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள், அலுவலகம் பெருக்கும் ஃபத்ஹியா.

"போன எழவுல இனிப்புக் காப்பி குடுத்து மானத்த வாங்குன ஆளு நீ. கல்லு ஒடச்ச கையிக்கு காப்பி போடற வேலைய எவன்யா குடுத்தான்?"

"அந்தச் சர்க்கரையில கொஞ்சம் உன் வாயில போட்டுக்க."

இருவருமே சிரிக்கவில்லை. எங்கள் பதினான்கு நாட்டுச் சபையின் பொதுச்செயலாளர் முன்ஸிஃபின் உம்மா நேற்று ஊரில் மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்கு அவர் போகவில்லை. போன மாதம் அவர் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆட்சியை ஏற்பதில்லை என்று சபை தீர்மானித்தது. தீர்மானத்தை வாசித்தவர் அவர்தான். அங்கே போய் இறங்கி, ஆட்சியைப் பிடித்த தளபதியோடு ஒரு படத்தில் நின்றுவிட்டால் போதும், சபையே ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் இங்கே கெய்ரோவில், பள்ளிவாசல் கூடத்தில், உம்மாவின் உடல் இல்லாத துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தார். தூதர்கள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். துக்கத்துக்கான வழக்கப்படி, சர்க்கரை போடாத கசப்புக் காப்பியை நான் நீட்டினேன். என் அப்பா கல்குவாரியில் நசுங்கிச் செத்த அன்று மேஸ்திரி என்னை அடக்கத்துக்கு விடமாட்டேன் என்றான். சம்மட்டியை அவன் காலடியில் எறிந்துவிட்டு ஓடினேன். இவர் எதை எறிந்துவிட்டு ஓடுவார்?

அப்போது தளபதியின் ஆளாக ஸுஹைர் வந்தான். ஊரில் முன்ஸிஃபின் பக்கத்து வீட்டுக்காரன், ஒரே பள்ளியில் படித்தவன். துக்கத்துக்கு வருகிறவனை வாசலில் நிறுத்த முடியாது. அவனுக்குப் பின்னால் வந்த படக்காரன் கேமராவைத் தூக்கினான்.

"கடைசி வரைக்கும் உம்மா கையில இருந்துச்சு. குளிப்பாட்டறப்பதான் எடுத்தாங்க. உன் கையிலயே குடுக்கச் சொல்லிட்டுப் போச்சுடா."

ஸுஹைரின் உள்ளங்கையில் தேய்ந்து கறுத்த தஸ்பீஹ் மணி, விரலால் உருட்டி ஓதும் மாலை.

முன்ஸிஃபின் கை மேலே எழுந்தது. கேமராவைப் பார்த்துப் பாதியில் நின்றது. தளபதியின் ஆளிடம் கைநீட்டி வாங்குகிற படமும் போதும்.

"அந்தாள கேமராவ எறக்கச் சொல்லு. வாங்கிக்கறேன்."

ஸுஹைர் தலையைக் குனிந்துகொண்டான். "அது என் கையில இல்லடா."

பிறகு மணியை என் தட்டில், கோப்பைகளுக்கு நடுவே வைத்துவிட்டு நகர்ந்தான். படக்காரன் மட்டும் போகவில்லை.

தட்டை அவர்முன் நீட்டினேன். குனிந்து, "என் முதுகு அகலம்யா. மறைச்சுக்கறேன், எடுத்துக்கங்க" என்றேன்.

அவர் மணியையே பார்த்தார். என் தோளுக்கு மேலே கேமரா இன்னும் தூக்கியபடியே இருந்தது. ஒரு கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது கோப்பை தட்டின் விளிம்பில் இடித்துச் சிந்தியது. அதற்குள் அடுத்த தூதர் வந்துவிட்டார். முன்ஸிஃப் எழுந்து கைகொடுத்தார்.

தட்டில், மணியின் நூலில் காப்பி ஊறிக்கொண்டிருந்தது.