குதிகால் தரைதொட்ட வீடு

ஓட்டல் வரவேற்பாளர் ஒரு மாலை வேலை முடிந்து வந்து வாசலில் ஹீல்ஸைக் கழற்றியபோது, அவளுடைய குதிகால்கள் தரைக்கு இறங்கவில்லை. நான்கு விரற்கடை உயரத்தில், வெறுங்காற்றின் மேல் ஊன்றி நின்றன. மாமியார் துடைப்பத்தை அடியில் விட்டுப் பார்த்தாள். அது தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. ஆனால் நடந்தால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. மருத்துவர் பாதத்தை அமுக்கிப் பார்த்து, எலும்பில் குறையில்லை என்று தைலம் எழுதிக் கொடுத்தார். "என் உசரமே இருந்தவ, இப்ப என்னைக் குனிஞ்சு பாக்குறா. சம்பளம் ஏறலை, மருமகதான் ஏறியிருக்கா," என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

இந்த மாதிரிக் குதி உயர்ந்த செருப்பை முதலில் போட்டவர்கள் குதிரையேறிய ஆண்கள். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்க அது உதவியது. பிறகு அரண்மனை ஆண்கள் குதிரை இல்லாமலேயே போட்டுக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்துப் பெண்கள் போட்டார்கள். ஒரு கட்டத்தில் ஆண்கள் இறங்கிக்கொண்டார்கள். பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஓட்டலில் வரவேற்பறைப் பெண்களுக்கு ஹீல்ஸ் கட்டாயம். அவர்கள் நாள் முழுவதும் மார்புயரக் கிரானைட் மேடைக்குப் பின்னால் நின்றதால், விருந்தாளிகளில் ஒருவர்கூட அவர்களுடைய பாதங்களைப் பார்த்ததில்லை. அவள் காலடிக் காற்று நாகரிகத்தை ஒட்டியே மாறியது. கட்டைக் குதி வந்த வருடம் சத்தம் கனத்தது. ஊசிக் குதி வந்த வருடம் அவள் இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியது. பிறகு தட்டைச் செருப்புக் காலம் வந்தது, ஓட்டலும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உடன் வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவளும் தினமும் சுவரைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். காற்று ஒரு விரற்கடை வரை தணிந்து, அங்கேயே நின்றது. அடுத்த பருவத்தில் நாகரிகம் மறுபடி ஏறியபோது அதுவும் ஏறியது. "வேற ஒண்ணும் வேணாங்க. ஒரே ஒரு தடவை குதிகாலை ஊன்றி நிக்கணும்," என்று கணவனிடம் சொன்னாள்.

கணவன் தச்சன். ரசமட்டம் வைத்துச் சமம் பார்க்காமல் ஒரு பலகையும் அடித்ததில்லை. அவன் மாட்டிய கதவு தானாகத் திறந்ததாக ஊரில் பேச்சே கிடையாது. குதிகால் தரைக்கு வராவிட்டால் தரைதான் குதிகாலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டின் மரத் தரையைப் பெயர்த்தான். பின்சுவர்ப் பக்கம் தரையைத் தாங்கும் உத்திரங்களுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினான். சரிவின் கீழ்ப்புறம் பார்த்து நின்றால்தான் அவளுக்குக் குதி எட்டும் என்பதால் அடுப்பு, கண்ணாடி, தொலைக்காட்சி எல்லாம் முன்சுவருக்கு வந்தன. கட்டில் கால்களை ஒரு பக்கம் அறுத்தான். "இது வீடா, கப்பலாடா?" என்றாள் அம்மா. "பிடிச்சுக்கம்மா," என்று ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தான்.

மாலையில் அவள் வந்தாள், செருப்பைக் கழற்றினாள், முன்சுவரைப் பார்த்து நின்றாள்.

"தொட்டுச்சா?"

"கொஞ்ச நேரம் பேசாதீங்க."

அவள் அப்படியே நின்றாள். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

செய்தி பரவியது. வங்கிக் காசாளர் வந்தாள், நகைக்கடை விற்பனைப் பெண் வந்தாள். அவர்களும் குதிகால் இறங்காததைக் கொஞ்ச நாளாகவே வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்கள். "டக்கு டக்குனு வராம மெதுவா வாங்கடி, தரை வலிக்கும்," என்று மாமியார் அதட்டி உள்ளே விட்டாள். வேலை முடிந்த பெண்கள் மாலைதோறும் வெறுங்காலோடு, முன்சுவரைப் பார்த்து, வரிசையாக நின்றார்கள். நாகரிகம் ஏறினால் தச்சன் ஜாக்கியை ஏற்றினான், இறங்கினால் இறக்கினான்.

நாலாவது வருடம் நகராட்சிப் பொறியாளர் வீட்டைச் சோதிக்க வந்து தரையில் ரசமட்டம் வைத்தார். குமிழி ஒரே ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"நீங்க போட்ட தரையா இது? இப்படிச் சாஞ்சிருக்கே!"

"ஆமா சார். ரொம்பச் சிரமப்பட்டுச் சாய்ச்சேன்."

பொறியாளர் சுவரோரம் நின்ற பாதங்களை வெகுநேரம் பார்த்தார். ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மாலையில் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். அவர் மனைவி விமான நிலையத்தில் வேலை செய்பவள். மறுநாள் முதல் அவளும் வந்து நின்றாள். மாமியார் அவளுக்காகக் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டினாள்.