ஒத்திகையில் விட்ட வரி

அன்றும் ஒத்திகை அதே இடத்தில் நின்றது. கணவன் முழந்தாளிட்டு, "என்னை மன்னிச்சு வீட்டுக்கு வந்துடு" என்று கெஞ்ச, மனைவியாக நடித்த சிசிலி வாயைத் திறந்தாள். உடனே டாலிஸ் எழுந்து முட்டித் தூசியைத் தட்டினார். "போதும், எல்லாரும் டீ குடிங்க." நாடகக் கம்பெனியின் முதலாளி அவர், கணவன் வேஷமும் அவருக்கே.

எட்னா தோர்ப்புக்குச் சுருக்கென்றது. ஐந்து நாவல் எழுதியவள். நாடகம் இதுதான் முதல். "மன்னிச்சாச்சு. ஆனா வரமாட்டேன்" என்ற கடைசி வரிக்காகவே அதை எழுதினாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவர் ஹியூபர்ட் இப்படித்தான் முழந்தாளிட்டார். அன்று அதைச் சொல்லத் துணிவில்லாமல் பெட்டியோடு அவர் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

"அந்த வரியை மட்டும் ஏன் முழுங்குறீங்க? மாத்திட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

கம்பெனியே சிரித்தது. "அம்மணி மேடைக்குப் புதுசு, பாவம்! கடைசி வசனத்தை அரங்கேற்றத்துக்கு முன்னாடி சொன்னா நாடகம் படுத்துடும். லண்டன்ல எவனும் சொல்லமாட்டான்" என்றார் டாலிஸ்.

"எங்க பார்த்தாலும் சதிதான் இவங்களுக்கு" என்றாள் சிசிலி.

எட்னா விசாரித்தாள். வழக்கம் உண்மைதான் என்று அரங்கின் வாசல்காவலர்கூடச் சத்தியம் செய்தார். இருந்தாலும் மடியில் கனமில்லாத மனுஷன் என்றால் டாலிஸ் ஏன் அவள் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறார்?

அரங்கேற்றத்தன்று பக்கவாட்டு மாடத்தில் ஹியூபர்ட்டோடு உட்கார்ந்தாள். டாலிஸ் முழந்தாளிட்டார். சிசிலி அவர் தலையைக் கோதினாள்.

"மன்னிச்சாச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "அருமையான முடிவு எட்னா! நம்ம கதைதானே?" என்று ஹியூபர்ட் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"எழுதினவங்க எங்கே? மேடைக்கு வரச் சொல்லு!" என்று ஜனம் வழக்கம்போலக் கூவியது. மேடையோரம் வந்தவளின் முழங்கையை டாலிஸ் பிடித்தார். "தோத்துப்போற புருஷனைப் பார்க்க எவன் வருவான், சொல்லுங்க? சும்மா குனிஞ்சு வணங்கிட்டு வந்துடுங்க. வாயைத் திறக்காதீங்க."

மேடைக்கு வந்த எட்னா குனியவில்லை. "என் கடைசி வரியை இன்னும் யாரும் சொல்லலை. 'மன்னிச்சாச்சு. ஆனா வரமாட்டேன்.'"

திரை தடதடவென்று அவள் மூக்குக்கு முன்னால் இறங்கியது. முன்வரிசைகளில் முகம் சுளித்துச் சீறினார்கள். ஆனால் மலிவு டிக்கெட் மேல்மாடியில் பெண்குரல்கள் கத்தின: "என்ன சொன்னா? காதுல விழலை! இன்னொரு தரம் சொல்லச் சொல்லு!"

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தத் தடவை ஹியூபர்ட் இருந்த பக்கவாட்டு மாடத்தைப் பார்த்துச் சொன்னாள்.