ஒன்பதாவது கேள்வி

கவுன்சிலிங் படிக்கப் போகிறேன் என்று என் மருமகள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. என் மகன் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நிலையான வேலை. அதை விடாமல், புதன்கிழமை மாலையும் சனிக்கிழமை முழு நாளும் போய், மூன்று வருடத்தில் முடிக்கிற முதுநிலைப் படிப்பு. படிப்பால் எந்தக் குடும்பத்துக்கும் தலைகுனிவு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் மனைவிதான் கேலி செய்தாள்.

"அடுத்தவங்க பேசுறதைக் கேக்குறதுக்கு ஒரு பட்டமா? நாப்பது வருஷமா இவர் பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரல."

"நீங்க கேக்கல அத்தை, பொறுத்துக்கிட்டீங்க. அது டாக்டர் பட்டத்துக்கும் மேல."

மூவரும் சிரித்தோம். வெகுநாள் கழித்து எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

அன்று மத்தியானம் என் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மருமகள் விண்ணப்பப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். ஒன்பதாவது கேள்வியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் நெருங்கிய உறவினர் எவராவது தற்கொலையால் இறந்திருக்கிறாரா? ஆம் எனில் பயிற்றுநரிடம் தனியே பேசவும்.

"இதுக்கு என்ன எழுத மாமா?"

என் மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அது எனக்கும் மருமகளுக்கும் மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் மாரடைப்பு. என் மனைவிக்கும்தான். அன்றைக்கு அவள் தன் அக்கா வீட்டில், ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள், என்ன சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அது மட்டுமல்ல. எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலிருந்தும் பாதியில் எழுந்து போனதில்லை. அப்படி ஒரு பேச்சு என் மகன் பேரோடு ஒட்டிக்கொள்வதை நான் விடுவதாக இல்லை.

"இல்லைன்னு எழுது."

"கையெழுத்து என்னோடது மாமா."

"வீட்டு மானமும் உன்னோடதுதான்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, குனிந்து 'இல்லை' என்று எழுதினாள்.

அந்தப் படிப்பின் முறை எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று மூன்று பேராக உட்கார வேண்டுமாம். ஒருவர் தன் கவலையைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும், மூன்றாமவர் இருவரையும் கவனிக்க வேண்டும். கற்பனைக் கவலை கூடாது, சொந்தக் கவலைதான். அதைப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து, சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். பேசாமல் இருந்தால் அது எத்தனை நொடி என்பதையும் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பாள். என் மனைவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "டாக்டரம்மா, அந்த 'உம்'முக்கு எத்தனை மார்க்?" என்று சீண்டுவாள்.

இரண்டாம் வருடம் ஒரு மருத்துவமனையில் களப்பயிற்சிக்குப் போட்டார்கள். அங்கே யாருக்கு என்ன ஆறுதல் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் நேரே குளியலறைக்குப் போவாள். குழாய் ரொம்ப நேரம் ஓடும்.

ஒரு திங்கட்கிழமை, அவள் வேலைக்குப் போன பிறகு, பிரிண்டரின் தட்டில் ஒரு தாள் கிடப்பதைப் பார்த்தேன். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கிற வழக்கம் எனக்கில்லை. ஆனால், முதல் வரியில் 'பேசுபவர்: நான்' என்று இருந்தது.

என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, என்று பேசுபவர் சொல்கிறார். எப்படி இறந்தார் என்று கேட்பவர் கேட்கிறார். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'நாற்பது நொடி மௌனம்' என்று எழுதியிருந்தாள். அத்தோடு தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாளை அவள் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும்.

எனக்கு அடுத்த தாள் தேவைப்படவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கல்லூரியில் அந்தப் பயிற்றுநரின் அறை சிறியது. இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தன. நடுவில் ஒரு முக்காலி, அதில் ஒரு பெட்டி நிறைய முகம் துடைக்கும் காகிதம். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும்.

"உக்காருங்க ஐயா."

"நிக்கிறேன். என் மருமக உங்க வகுப்புல பேசின ஒரு விஷயத்தை அழிக்கணும். பதிவு, தாள் ரெண்டையும்."

"அவங்க என்ன பேசினாங்க, பேசலைங்கிறதை நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது. மாமனாராவே இருந்தாலும்."

"நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். என் மகன் தற்கொலை பண்ணிக்கிட்டது எங்க வீட்டு விஷயம். உங்க பிள்ளைங்க உக்காந்து படிக்கிற பாடம் இல்ல."

முப்பத்திரண்டு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் நான். தராசில் கை வைத்ததும் கடைக்காரர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகமும் அப்படி மாறியது. அந்த விஷயம் அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"உக்காருங்க ஐயா," என்றார் மறுபடியும். இந்தத் தடவை உட்கார்ந்தேன்.

"இனிமே எனக்குத் தெரியாதுன்னு இருக்க முடியாது. இந்த மாதிரி ஒருத்தரை இழந்த குடும்பங்களோடதான் அவங்களுக்குக் களப்பயிற்சி. படிவத்துல இருக்கிற அந்த ஒன்பதாவது கேள்வி யாரையும் வெளியில தள்ளுறதுக்கு இல்ல. தெரிஞ்சிருந்தா அவங்களை அங்க அனுப்பியிருக்க மாட்டோம். அனுப்பினாலும் தனியா விட்டிருக்க மாட்டோம்."

"அவ மேல தப்பில்ல. நான்தான் இல்லைன்னு எழுதச் சொன்னேன்."

"அதை அவங்க சொல்லணும்," என்றார்.

புதன்கிழமை மருமகள் வகுப்பு முடியும் முன்பே வந்துவிட்டாள். என் மனைவி பக்கத்து வீட்டில் இருந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் போட்டாள்.

"அடுத்த பக்கம் மாமா. படிங்க."

முதல் வரி, 'பேசுபவர்: மாரடைப்பு.'

"எட்டு மாசமா அந்த ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தரா வந்து என் கதையை என்கிட்டயே சொல்றாங்க. நான் 'ம்'னு கேட்டுக்கிட்டு, இங்க வந்து குளிச்சிட்டு, சனிக்கிழமை போய் மாரடைப்புன்னு சொல்றேன். உங்களுக்காகத்தான். நீங்க நேராப் போய் எங்க மேடம்கிட்டயே சொல்லிட்டு வந்திருக்கீங்க." அவள் சத்தம் போடவில்லை. "களப்பயிற்சியை நிறுத்திட்டாங்க. நான் பார்த்துக்கிட்டிருந்த ஏழு பேர்கிட்டயும் இனிமே வேற ஆள் வருவாங்கன்னு சொல்லிடுவாங்களாம். எனக்குப் போய்ச் சொல்லிட்டு வரக்கூட அனுமதி இல்ல."

"நான் வேணும்னா ஒரு கடிதம்..."

"போதும் மாமா. வெள்ளிக்கிழமை புதுப் படிவம் குடுக்கணும். ஆமான்னு எழுதி, கல்லூரிக் குழு முன்னாடி நடந்ததைச் சொன்னா அடுத்த வருஷம் மறுபடி சேத்துக்குவாங்க. ஆனா அத்தைக்குத் தெரியாததை ஒரு மேசையைச் சுத்தி உக்காந்திருக்கிற அஞ்சு பேர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அத்தைக்குத் தெரியணும். இல்லைன்னா படிப்பை விட்டுடுறேன்."

"நீயே சொல்லலாமே. உனக்கு அதெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"மாரடைப்புன்னு அவங்ககிட்ட சொன்னது நான் இல்லையே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில், புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் என் மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். எத்தனையோ கடைகளில் ஏறி, பெரிய பெரிய முதலாளிகளிடம், உங்கள் எடை தவறு என்று ஒரே மூச்சில் சொன்னவன் நான். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

சொன்னேன். அவன் இறந்தது மாரடைப்பால் இல்லை என்றேன். எப்படி என்றும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"அப்ப என் சமையல் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"சாப்பாட்டுல கொழுப்பு அதிகம், அதுதான் அடைச்சிருச்சுன்னு டாக்டர் சொன்னதா அன்னைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்களே. மூணு வருஷமா இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து..."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கேட்கிறவர்கள் நம்புவதற்காகச் சேர்த்த ஒரு வார்த்தை. அவள் காதில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

"உன் சமையல் இல்ல," என்றேன்.

அவள் முகத்தில் ஒரு கணம் பாரம் இறங்கியது போல இருந்தது. பிறகு, அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தது.

"என் புள்ளைக்கு என்ன கஷ்டம்? உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

இதை நான் மருமகளிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் அவன் என் அறைக்கு வந்தான். "என்னால முடியலப்பா," என்றான். நான் செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. "எல்லாருக்கும்தான் முடியல. முதுகை நிமித்தி உக்காரு," என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனான்.

அதையும் சொன்னேன்.

என் மனைவி எழுந்து என்னைக் கடந்து, அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை உடனே கேட்கவில்லை. நான் நடையில் நின்றேன்.

நாலு மணிக்கு மருமகள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன். திறக்க வேண்டாம். பேசவும் வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் உள்ளே அழுகை கேட்டது. அவள் ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதைப் படிக்கத்தானா மூன்று வருடம் என்று ஒரு காலத்தில் நினைத்தவன் நான்.

இருட்டுகிற நேரத்தில் கதவு திறந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "படிவத்துல என்ன எழுதணும்னு காட்டும்மா," என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் படிவத்தோடு சேர்ந்து கல்லூரிக்குக் கிளம்பினார்கள். நானும் சட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.