பச்சைப் பொட்டு

லோர்னா தன் பதினோரு தோட்டாக்களையும் மேசைமேல் பரப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்கார அல்ல. ஓரின் உட்கார.

"பாரு வாத்தியாரே. நீ பாக்கற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். திங்கக்கெழம பள்ளிக்கூடப் பஸ்ஸை நீயே ஓட்டிக்கோ."

ஓரின் காப்பிக் கோப்பையோடு படிக்கட்டின் அருகே நின்றிருந்தான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அந்த மேசையும் நாற்காலியும் பத்து மாதங்களாகச் சுவரோரம் கிடந்தன. யாரோ அவற்றை இன்று நடுவே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பச்சைத் துணி, எஃகு ஸ்கேல், காலிக் காப்பி டப்பா, நோட்டு. எல்லாம் இறந்துபோன அவன் மனைவி மார்னி வைத்த வரிசையிலேயே இருந்தன. பச்சை நகப்பூச்சுக் குப்பிகூட இருந்தது.

அந்தத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆறு பேர் காவலுக்காகக் கோட்டுக்குள் பிஸ்டலோடு உட்காருவார்கள். ஷெரிஃப் வண்டி வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும் ஊர். பனி விழுந்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆறு பேரைச் சேர்த்தவர் வெர்ல், மார்னியின் அப்பா. சேர்ந்த ஆறு பேருக்கும் சட்டம் போட்டவள் மார்னி. மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லோரும் வெளியே வண்டியிலேயே பிஸ்டலைக் காலி செய்து பிரித்துவிட வேண்டும். குழலையும் தோட்டாக்களையும் மட்டும் கீழே கொண்டுவர வேண்டும். அவள் பார்த்துச் சரி என்று சொன்ன தோட்டாவின் அடியில் ஒரு பச்சைப் பொட்டு விழும். கழிவு என்று சொன்னால் டப்பாவுக்குப் போகும். மேல்முறையீடு கிடையாது. ஆறு வருடம் தோட்டா ஆலையில் சோதனை மேசையில் இருந்தவள் அவள். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அவள் கையைத் தாண்டிப் போனதோ, இங்கே ஆறு பேரின் தோட்டாக்களுக்கு ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொள்வாள். ஓரின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவான். நான்கு வருடம் அப்படி எழுதினான். பிஸ்டல் அவனுக்குக் கிடையாது. அவன் அந்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர்.

"நான் எழுத மட்டும்தான் செஞ்சேன் லோர்னா" என்றான்.

"எழுதுனவன் கண்ணை மூடிக்கிட்டா எழுதுன? போன வாரம் பயிற்சியில என் பிஸ்டல் சிக்கிக்கிச்சு. நாலாவது குண்டுல. அது ஞாயித்துக்கெழமை சிக்கியிருந்தா? சாமி வந்து எடுத்துவிடுமா?"

அடுப்பருகே இருந்த வெர்ல் சிரித்தார். "சாமிக்கு வேற வேலை இல்ல பாரு."

ஓரின் உட்கார்ந்தான். நாற்காலியின் உயரம் மார்னிக்கு ஏற்றதாக இருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது.

முதல் தோட்டாவை எடுத்து அடிப்பக்கம் கட்டைவிரலை ஓட்டினான். நடுவில் இருக்கும் ப்ரைமர் என்ற சிறு வட்டம் விளிம்புக்கு மேலே துருத்தக் கூடாது. துருத்தினால் சில நேரம் வெடிக்காது. அவன் யோசித்துச் செய்யவில்லை. விரல் தானாகப் போனது. பிறகு பித்தளைக் கூட்டை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு லோர்னாவின் குழலை நிறுத்திப் பிடித்து, அதன் வாய்க்குள் தோட்டாவை நழுவவிட்டான். டொக். கவிழ்த்ததும் தானாக வெளியே விழுந்தது. இரண்டாவது, டொக். மூன்றாவது, டொக். ஏழாவது விழவில்லை. பாதியில் நின்றது. விரலால் தள்ளினால் போயிருக்கும். தள்ளக் கூடாது. மார்னி ஒருபோதும் தள்ளியதில்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது கூட்டின் வாயருகே மயிரிழை அளவுக்கு ஒரு நசுங்கல்.

"இது எங்கேயாவது கீழ விழுந்துச்சா?"

லோர்னாவின் முகம் மாறியது. "பஸ்ல. தோட்டா மேகசினைத் தொடச்சிக்கிட்டு இருந்தேன், வண்டி காலியாத்தான் இருந்துச்சு. ஒண்ணு உருண்டுபோயி சீட்டு இரும்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. காலால தள்ளி எடுத்தேன்."

"காலால!" என்றார் வெர்ல். "அடுத்த தடவ சுத்தியல் எடுத்துக்கோ."

"கழிவு" என்றான் ஓரின். தோட்டா டப்பாவில் விழுந்தது. லோர்னா ஏதோ பரிசு கிடைத்தவள்போல மற்றவர்களைப் பார்த்தாள். "சொன்னேன்ல? எனக்குச் சுடத் தெரியும். தோட்டாதான் சரியில்ல."

மற்ற நால்வரின் தோட்டாக்களும் தேறின. ஒருவருடையதில் பச்சை அழுக்குப் பிடித்த கூடு ஒன்று. துடைத்தால் போயிற்று. ஓரின் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டான். அதற்கு மேலே இருந்த வரிகளும் அவன் கையெழுத்துதான். சொன்னது மார்னி. அந்த வரிகளை அவன் படிக்கவில்லை.

வெர்ல் அடுப்பருகிலேயே இருந்தார்.

"வாங்க" என்றாள் லோர்னா.

"என்னோடது வேண்டாம். மார்னி பாத்தது."

"பத்து மாசத்துக்கு முன்னாடி."

"தோட்டா என்ன பாலா, திரிஞ்சு போக?"

"உங்க பொண்ணே உங்களை ரெண்டு தடவ கழிச்சவ வெர்ல். மறந்துட்டீங்களா?"

"மூணு தடவ." வெர்ல் நிமிர்ந்தார். "கணக்குத் தெரியாம பேசாத. மூணு."

அது உண்மை. மூன்று முறையும் அவர் தீவனக் கடைக்குப் போய், "என் பொண்ணு என்னையே கழிச்சிட்டா, அத்தனை பேருக்கு முன்னாடி" என்று சொன்னார். வேறு எவனும் தன் மகள் பட்டம் வாங்கியதைக்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். மூன்றாவது முறை கடைக்காரனுக்கே அலுத்துவிட்டது.

அந்த எண்ணைச் சொன்ன பிறகு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்து குழலை வைத்தார். கைக்குட்டையை அவிழ்த்து எட்டுத் தோட்டாக்களைத் துணிமேல் வைத்தார். எட்டின் அடியிலும் பச்சைப் பொட்டு. மார்னிக்கு இடதுகைப் பழக்கம். பொட்டு எப்போதும் சற்று இடப்பக்கம் சாய்ந்துதான் விழும். பத்து மாதத்தில் அவள் செய்த எதையும் ஓரின் இவ்வளவு அருகில் பார்க்கவில்லை. அவள் உடைகளை வெளியூரிலிருக்கும் அவள் தங்கை எடுத்துப்போனாள். சரி என்றான். அவள் வண்டியை ஒருவர் விலைக்குக் கேட்டார். சரி என்றான். பக்கத்து வீடுகளிலிருந்து பாத்திரம் பாத்திரமாகக் கோழிக்கறி வந்தது. பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். இந்தப் பத்து மாதத்தில் அவன் யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

எட்டும் குழலில் விழுந்தன. எட்டு டொக்.

"கேட்டியா? பாட்டு மாதிரி விழுது" என்றார் வெர்ல். கைக்குட்டையை நீட்டினார், வாரிக்கொள்ள.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

ஓரின் எட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினான். ஸ்கேலை அவற்றின் தலைமேல் விளிம்பு படும்படி வைத்துக் குனிந்தான். ஏழு தலைகள் ஸ்கேலைத் தொட்டன. கடைசித் தலைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நகத்தின் கனம் இருக்கும். அதன் குண்டு கூட்டுக்குள் இறங்கியிருந்தது. குட்டையான தோட்டா குழலில் இன்னும் அழகாகத்தான் விழும். ஆனால் உள்ளே வெடிமருந்துக்கு இடம் குறைந்துவிடும், அழுத்தம் ஏறும். சுட்டால் வெர்லின் கைக்குள்ளேயே கூடு கிழியலாம்.

வெர்ல் தன் பிஸ்டலை ஞாயிறு காலை நிரப்புவார், வீடு திரும்பியதும் காலி செய்வார். நிரப்பிய பிஸ்டல் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது அவர் மனைவி காலத்து விதி. வெளியே எடுத்த தோட்டாவைத் திரும்ப மேகசின் உச்சியில் வைத்து அதையே அடுத்த வாரமும் ஏற்றுவார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு இரும்பில் இடித்துக் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதனால்தான் மார்னி மாதாமாதம் உச்சித் தோட்டாவை மாற்றச் சொல்வாள். அவளுக்குப் பிறகு மாற்றச் சொல்ல ஆளில்லை.

"எத்தனை ஞாயிறு இதையே ஏத்துனீங்க?"

வெர்ல் நீட்டிய கைக்குட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எல்லா ஞாயிறும்."

"புதுசு ஒரு பெட்டி இருக்குமே உங்ககிட்ட."

"இருக்கு. கோட்டுப் பையிலயே இருக்கு. அதுல பொட்டு இல்ல." குரல் தாழ்ந்திருந்தது. "இது அவ சரின்னு சொன்னது வாத்தியாரே. அவ கை பட்டது. நீ அதைத் தூக்கிப் போடுவியா?"

அடுப்பில் காப்பி களகளத்தது. லோர்னா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று ஓரின் சொல்லிவிடலாம். அந்தத் தோட்டா ஒருவேளை ஒருநாளும் சுடப்படாமலே போகலாம். இந்த ஊரில் அவனுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உறவு இந்த மனிதர். கிறிஸ்துமஸ் அன்று இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எதுவும் பேசாமல் பன்றித்தொடை தின்றார்கள். இதைச் சொன்னால் அதுவும் இல்லாமல் போகலாம்.

நோட்டை இழுத்து எழுதினான். வெர்ல், எட்டில் ஒன்று. பிறகு தலையை நிமிர்த்தினான்.

"கழிவு."

மார்னி சொல்வதுபோலவே வந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, மன்னிப்பும் இல்லை. அவனே அதைக் கேட்டான்.

வெர்ல் அவனையே பார்த்தார். குட்டைத் தோட்டாவை விரல் நுனியில் எடுத்து, அடிப்பக்கம் திருப்பி, பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டப்பாவுக்குள் போட்டார். தகரம் ஒலித்தது.

"நாலு" என்றார் மற்றவர்களிடம் திரும்பி. குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "கேட்டீங்களா எல்லாரும்? நாலாவது தடவ. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அவ சும்மாவா இவனைப் பக்கத்துல உக்கார வெச்சிருந்தா?"

"தீவனக் கடைக்காரன் பாவம்" என்றாள் லோர்னா. யாரோ சிரித்தார்கள்.

வெர்ல் பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓரின் அதை விரலால் தடவி, வெளிச்சத்தில் சுற்றி, குழலில் விட்டு, மற்ற ஏழோடும் நிறுத்திப் பார்த்தான். வெளிச்சம் தெரியவில்லை. நகப்பூச்சுக் குப்பியின் மூடி இறுகியிருந்தது. வெந்நீர்க் குழாயில் காட்டித் திறந்தான். கழுத்தில் காய்ந்திருந்தாலும் அடியில் இன்னும் ஈரம் இருந்தது. பொட்டு வைத்தான். அது வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

"காயட்டும்" என்றான்.

"தெரியும் மாப்ளே."

திருமணத்தன்று வெர்ல் எழுந்து நின்று பேசியது ஒன்றே ஒன்றுதான். பதிமூன்று வயதில் மார்னி பத்து விரலுக்கும் பூச்சுப் போட்டுக்கொண்டு அப்பாவைக் கூப்பிடுவாளாம். வெளியே டிராக்டர் ஓடிக்கொண்டிருக்க, அவர் சமையலறையில் மண்டியிட்டு விரல் விரலாக ஊதுவாராம்.

இப்போது ஏழு தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். எட்டாவதை உள்ளங்கையில் தலைகீழாக நிறுத்தி, ஜன்னல் பக்கம் போனார். கன்னம் உப்பியது. லோர்னா மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் படியேறிப் போனார்கள். வெர்ல் அந்தப் பச்சைப் பொட்டின்மேல் மெதுவாக, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தார்.