பன்னிரண்டு மில்லி தொப்பை

ஒரகடம் சாலையில் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்கு 'ஏதென்ஸ் மஹால்' என்று பெயர் வைத்தபோது, ஏதென்ஸ் என்பது ஊரா, ஆளா, குளியல் சோப்பா என்று கோதண்டத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. குன்றத்தூர் பக்கம் பங்காளி கட்டிய மண்டபத்து வாசலில் ஆறு தூண் நிற்கிறது. தன் வாசலில் எட்டு நிற்க வேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் போன நாளிலிருந்து அவர் கழுத்துச் சங்கிலி எப்படித் தடித்துக்கொண்டே வந்ததோ, அதே கணக்கில் ரசனையும் தடித்துக்கொண்டு வந்தது.

தூண் வேலை சில்வியாவிடம் வந்தது. தண்டலத்தில் நெடுஞ்சாலை ஓரமாக, சிங்கமுகம், பூந்தொட்டி, மாடிக் கைப்பிடிக் குமிழ் என்று சிமெண்டில் வார்த்துத் தரும் பட்டறை அவளுடையது. அதற்குமுன் ஏழு வருஷம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி லைனில் நின்றவள். பட்டறை வைத்ததும் முதல் பெரிய வேலையாக ஒரு புதுக் குடியிருப்புச் சர்ச்சுக்கு ஆறு தூண் வார்த்தாள். நூல் பிடித்ததுபோல் நேரான தூண்கள். எழுப்பி நிறுத்தியதும் பார்த்தால் ஆறும் இடுப்பு ஒடுங்கி, பட்டினி கிடந்தவைபோல் நின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சனம் சாமியைப் பார்த்ததைவிடத் தூணைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். அதன்பிறகு ஒரு வருஷம் பூந்தொட்டிதான் பிழைப்பு.

ஏன் அப்படி ஆயிற்று என்று அவள் செல்போனில் தேடித் தேடிப் படித்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கிரேக்கர்களுக்கு விடை தெரிந்திருந்தது. நேரான தூணை வரிசையாக நிறுத்தினால் நடுவில் ஒடுங்கினாற்போல் கண்ணுக்குத் தெரியும். அதனால் நடுவில் கொஞ்சம், தெரிந்தும் தெரியாமலும், புடைப்பு வைக்க வேண்டும். ஏதென்ஸ் மஹாலின் எட்டுத் தூணும் சரியாக நின்றால் அடுத்தடுத்த மண்டபம் கைக்கு வரும். இன்னொரு முறை ஊர் சிரித்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு, விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

கோதண்டம் முதல் நாளே செல்போனில் ஒரு படத்தை நீட்டினார். ஏதோ நகைக்கடை.

"இதுல கீற மாதிரி எல்லாமே வேணும்மா. மொட்டைத் தலை வெச்ச தூணு, சுருள் வெச்சது, மேல இலை வெச்சது. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திடு."

"அண்ணா, அது பந்தி இல்ல, எல்லாத்தையும் ஒரே இலையில போட. மொட்டைத் தலைதான் மொதல்ல வந்தது. அப்பறம் சுருளு. இலை வெச்சது ரொம்பக் கடைசி. மரத்துல கோயில் கட்டிக்கினு இருந்தவங்க கல்லுக்கு மாறினாங்க. மாறியும், மர உத்தரத்தோட நுனியையும் ஆணியையும் கல்லுலயும் செதுக்கி வெச்சாங்க."

"கல்லுக்கு இன்னாத்துக்கு ஆணி? பைத்தியக்காரனுங்களா?"

"உங்க கான்கிரீட் வூட்டு முகப்புல ஓடு ஒட்டி வெச்சிருக்கீங்களே, அது இன்னாத்துக்கு?"

கோதண்டம் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். பேரத்தில் எதிராளி பேச்சை மாற்றினால் முக்கால் பங்கு இறங்கிவிட்டான் என்று பொருள். மொட்டைத் தலைத் தூண் என்று முடிவாயிற்று. ஆனால் இறங்கிய இடத்துக்கு ஈடாக வேறோர் இடத்தில் ஏறாவிட்டால் அவர் கோதண்டம் அல்ல. வாசலில் இரண்டு ஆண் சிலை கேட்டார். கிரேக்கர்களின் ஆதிகாலத்துச் சிலை, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்து, கம்பெனி அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பவனைப்போல் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். நூறு வருஷம் கழித்து வந்த சிலை, ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப்போல் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பைத் தளர்த்தி நிற்கும். சில்வியா இரண்டையும் காட்டினாள். நூறு வருஷ முன்னேற்றத்தை கோதண்டம் ஒரே பார்வையில் தள்ளுபடி செய்தார்.

"ரெண்டாவது ஆளு சோம்பேறி. மொத ஆளுதான் மரியாதையா நிக்கிறான். அவனுக்கு ஒரு வேட்டியக் கட்டி வுடு. கலரு எதுவும் வேணாம், வெள்ளையா இருக்கட்டும், அதான் ஒரிஜினலு."

கிரேக்கர்கள் தங்கள் சிலைகளுக்குச் சிவப்பும் நீலமுமாக வண்ணம் அடித்திருந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், வேட்டியோடு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

உண்மையான இடைஞ்சல் சக்திகுமார் உருவத்தில் வந்தது. கோதண்டத்தின் மனைவிக்குத் தம்பி. வண்டிகளின் ஷாக் அப்சார்பருக்குக் கம்பி கடையும் ஆலையில் பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டி பிரிவு. சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு ஸ்டிக்கர் சுருள்: தேறியதற்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. அக்கா சுட்ட இட்லியைக்கூட விட்டம் பார்த்த பிறகுதான் தொடுவான் என்று ஊரில் பேச்சு. ஆலையில் எதைச் செய்தாலும் முதல் உருப்படியைக் குவாலிட்டி பார்த்துப் பச்சை ஒட்டினால்தான் மற்றவை ஓடும். அந்தச் சட்டத்தை மாமா மண்டபத்துத் தூணுக்கும் கொண்டுவந்தான்.

முதல் தூண் பட்டறை முற்றத்தில் நின்றது. சக்திகுமார் மேலிருந்து கீழ் வரைக்கும் நூல் கட்டினான். நூல் இரண்டு முனையிலும் விலகி நிற்க, நடுவில் தூண் அதை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு மில்லி வெளிய வந்துகீது. எங்க கம்பெனியில அரை மில்லிக்கே மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவோம். ரிஜெக்ட்." சிவப்பு ஸ்டிக்கரை நாக்கால் ஒரு தொடு தொட்டு ஒட்டினான். அது ஏற்கெனவே பசை உள்ள ஸ்டிக்கர். இருந்தாலும் நாக்கால் தொட்டால்தான் அவனுக்குத் திருப்தி.

"சார், அது வேணும்னு வெச்ச தொப்பை. நேரா இருந்தா எடுப்பா தெரியாது. கிரேக்கத்துல—"

"கிரேக்கத்துல டிராயிங் கீதா? டாலரன்ஸ் இன்னா குடுத்தாங்க, எவ்ளோ கூடலாம், எவ்ளோ கொறையலாம்னு? ஐயாயிரம் மைலுக்கு அப்பால செத்துப்போனவன் கையெழுத்து போட்டுக் குடுப்பானா?" பின்னால் நின்ற கொத்தனார் முப்பிடாதியிடம் திரும்பினான். "இன்னா மேஸ்திரி, நூலு பொய் சொல்லுமா?"

தென்காசியிலிருந்து வந்து பத்து வருஷமாக இந்தப் பக்கம் சுவர் எழுப்பும் முப்பிடாதி சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "நூலு பொய் சொல்லாதுய்யா. ஆனா கல்யாணத்துக்கு வாரவன் நூலக் கொண்டா வாரான்? கண்ணத்தான கொண்டு வாரான்?"

சில்வியா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு பண்ணலாம் சார். சர்ச்சுக்கு அடிச்ச நேர் அச்சு இன்னும் பட்டறையிலதான் கெடக்குது. அதுல ஒரு தூணு வார்க்கறேன். ரெண்டையும் மண்டப வாசல்ல நிறுத்தறேன். எது எதுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டேன். டேப்பு, நூலு ஒண்ணும் இல்லாம ரோட்டுல நின்னு பாத்து, தேறினதுல பச்சைய ஒட்டுங்க. பச்சை எதுல ஒட்டுதோ அந்த அச்சுலதான் எட்டும்."

"விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன்ல பதினெட்டு வருஷம்மா. என் கண்ணுகிட்டயா?"

"அந்தக் கண்ணத்தான் சார் கேக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயம் இல்லை. கண் என்பது இரண்டு பக்கமும் போகக்கூடிய சரக்கு. குருட்டாம்போக்கில் அவன் நேர்த் தூணில் பச்சையை ஒட்டிவிட்டால் எட்டுப் பட்டினித் தூணை அவள் கையாலேயே வார்க்க வேண்டும். ஊர் மறுபடியும் சிரிக்கும்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, பழைய சிவப்பு ஸ்டிக்கரை உரித்த பிறகு, இரண்டு தூணும் மண்டப வாசலில், பத்தடி இடைவெளியில், கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூண்களைச் சுற்றிக் கூடுபோல் பூட்டி நின்றன. சக்திகுமார் சாலைக்கு அந்தப் பக்கம் போனான். ஒரு கண்ணை மூடினான். மறு கண்ணை மூடினான். இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி மேலும் கீழும் ஓட்டினான். ஒரு கம்பெனி பஸ் குறுக்கே போயிற்று. ஜன்னலோரத்துப் பையன்கள் தூணை விட்டுவிட்டு இவனைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு விறுவிறுவென்று வந்து வலதுபக்கத் தூணில் பச்சையை ஒட்டினான். இடதில் சிவப்பு.

"குழந்தையும் சொல்லும்மா. இது ஸ்கேல் வெச்சா மாதிரி நிக்குது. அதோ, அது உன்னுது, கோணல். நடுவுல எப்படி சொத்தையா கீது பாரு."

சில்வியா நூலை நீட்டினாள்.

அவன் வலதுபக்கத் தூணில் நூல் கட்டினான். நடுவில் பன்னிரண்டு மில்லி. அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான். பன்னிரண்டு மில்லி. நூலை முகர்ந்துகூடப் பார்த்தான், அதில் ஏதோ குறை இருப்பதுபோல். இடதுபக்கத் தூணில் நூல் மேலிருந்து கீழ்வரை மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டது.

"வெளிச்சம்... கிழக்குப் பக்கத்துலேர்ந்து அடிக்குது," என்றான். "ரோடு வேற சரிவு."

அதற்குள் கோதண்டத்தின் கார் வந்து நின்றது. சில்வியா குரலை இறக்கினாள். "ஸ்டிக்கர் உங்களுது, ஒட்டினதும் நீங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன். நீங்களும் குறுக்க வராதீங்க." முப்பிடாதி வானத்தில் ஏதோ பறப்பதைப் பார்க்கப் போய்விட்டார்.

கோதண்டம் வயிற்றை முன்னே அனுப்பி, பின்னால் தான் வந்து சேர்ந்தார். "இன்னா மச்சான், தொப்பைத் தூணு எது? இந்த சிவப்பு ஒட்டினதா? த்தூ. மாமியார் வூட்டுல சோறு போடாத மாப்ள மாதிரி கீது. இந்தப் பச்சைதான் ராஜா. நேரா, கும்முனு."

"அந்தப் பச்சைதான் மாமா தொப்பை வெச்சது," என்றான் சக்திகுமார். ஒரு மூச்சு இழுத்தான். அந்த ஒரு மூச்சில் பதினெட்டு வருஷ அனுபவமும் இடம் மாறி உட்கார்ந்தது. "மொதல்ல நான் ரிஜெக்ட் பண்ணேன். அப்பறம் டீப்பா ஸ்டடி பண்ணேன். நேரா இருந்தா கண்ணு ஏமாறும் மாமா. அதுக்கு ஒரு கரெக்‌ஷன் குடுக்கணும். கிரேக்கத்துல அதான் ஸ்டாண்டர்டு. இந்தம்மாவுக்கும் எடுத்துச் சொல்லிட்டேன்."

"ஆமாண்ணா," என்றாள் சில்வியா. "சாரு நல்லாப் புரிய வெச்சாரு."

"என் மச்சானுக்கு மூளைய பாத்தியா!" கோதண்டம் அவன் முதுகில் தட்டினார். பிறகு தூணைச் சுற்றி வந்தார், தடவினார், யோசித்தார். அவர் யோசித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் செலவு. "பன்னெண்டு மில்லிக்கே இவ்ளோ எடுப்புன்னா, நாப்பது வெய்யி."

கிரேக்கர்களும் ஆதியில் இதே தப்பைச் செய்தவர்கள்தான். பழைய கோயில்கள் சிலவற்றில் தூண்கள், மூட்டையைத் தலையில் ஏற்றியதும் பிதுங்கியவைபோல் புடைத்து நிற்கும். அதைக் குறைத்துக் குறைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கொண்டுவர அவர்களுக்கு நூறு வருஷம் பிடித்தது. கோதண்டம் அந்த நூறு வருஷத்தையும் கார் சாவியைச் சுழற்றுகிற நேரத்தில் பின்னால் ஓட்டிவிட்டார்.

"அண்ணா, நாப்பது வெச்சா பீப்பாய் ஆயிடும்."

"எம் மண்டபம், எந்தொப்பை. நாப்பது வெய்யின்னா வெய்யி."

சில்வியா சக்திகுமாரைப் பார்த்தாள். அவன் சாலைச் சரிவை ஆராய்ந்துகொண்டிருந்தான். "சரிண்ணா," என்றாள். "ஆனா அளவு விஷயத்துல எனக்கு நம்பிக்கை சாருமேலதான். எட்டையும் நிறுத்தினப்பறம் அவரே அளந்து எழுத்துல ரிப்போர்ட் குடுக்கட்டும்."

"குடுப்பான், குடுப்பான். கம்பெனி முத்திரையோட குடுப்பான்!"

அன்று மாலை பட்டறையில் முப்பிடாதி கேட்டார். "யக்கா, புது அச்சு எப்ப அடிக்கணும்?"

"எதுக்கு? அச்சு அதேதான்."

"அப்ப நாப்பது?"

"அது பேப்பர்ல வரும்."

மூன்று வாரத்தில் எட்டும் எழுந்தன. சக்திகுமார் காலையிலேயே நூலோடு வந்தான். முதல் தூணில் பன்னிரண்டு. இரண்டாவதில் பன்னிரண்டு. எட்டாவதற்கு வரும்போது அவன் காது சிவந்திருந்தது.

"இத நாப்பதுன்னு எழுதினா ஃபால்ஸ் ரிப்போர்ட்டும்மா. பதினெட்டு வருஷத்துல நான் ஒண்ணுகூட அப்படிக் குடுத்ததில்ல."

"அப்ப பன்னெண்டுன்னே எழுதுங்க சார். கூடவே அன்னிக்குப் பச்சைய எதுல ஒட்டினீங்க, எதுன்னு நெனச்சு ஒட்டினீங்கன்னும் ரெண்டு வரி எழுதுங்க."

சக்திகுமார் பேனாவைத் திறந்தான், மூடினான். எட்டுத் தூணையும் ஒரு முறை பார்த்தான். அவை யாரையும் சட்டை செய்யாமல், நேராக, மிக நேராக நின்றன. 'புடைப்பு: நாற்பது மில்லி' என்று எழுதினான்.

"டாலரன்ஸ் போடாம ரிப்போர்ட் செல்லாதும்மா. பிளஸ் ஆர் மைனஸ் எவ்ளோ?"

"இருபத்தெட்டு போடுங்க சார். பொய் சொன்ன பாவமும் இல்ல."

அவன் அவளை ஒரு நிமிஷம் முறைத்தான். பிறகு இருபத்தெட்டு என்று போட்டுக் கையெழுத்திட்டான்.

திறப்பு விழாவில் கோதண்டம் வந்தவர்களை எல்லாம் தூணண்டை இழுத்துப்போய்க் கையைப் பிடித்துத் தடவ வைத்தார். "நாப்பது மில்லி! தொட்டாலே தெரியல? மச்சான் ஐடியா." தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் வேட்டி கட்டிய சிலைகள் ஒரு காலை முன்னே வைத்து, எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன. ரிப்போர்ட்டுக்குச் சட்டம் போட்டு மணமகன் அறையில் மாட்டியிருந்தது.

மறுவாரம், மண்டப வாசலிலிருந்து பிடுங்கி வந்த நேர்த் தூணிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, சர்ச்சு அச்சின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தாள் சில்வியா. ஒரு கார் வந்து நின்றது. குன்றத்தூர்ப் பங்காளி. முகம் வாடியிருந்தது, விழாவுக்குப் போய்த் தூணைத் தடவிவிட்டு வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஆறு தூணையும் கழட்டிடலாம்னு கீறேன்மா. பத்து வேணும். அம்பது மில்லி."

உள்ளே மணல் சலித்துக்கொண்டிருந்த முப்பிடாதியின் சல்லடை நின்றது.

"தாராளமா வெச்சிரலாம்ணா," என்றாள் சில்வியா. "அளக்கறதுக்கு சக்தி சாரையே வரச் சொல்லட்டுமா?"