ஞாயிறு முழுக்க லாபம்

நான் எழுதிய விளம்பரத்தைப் பார்த்து ஊர் உலகமே சிரித்துக்கொண்டிருக்கிறது என்பது வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கூடுகிற அந்தப் பெரட்டுக்களத்து மூலையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் இரண்டு கோடு வரும். என்னுடைய அலுவலகம் அதுதான். ஓப்பநாயக்க டவுன் கடைகளுக்கு நான் அங்கே நின்றுதான் பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறேன்.

'ஓப்பநாயக்க ஒஃபர்' என்பது என் பக்கத்தின் பெயர். பேக்கரியில் மாலை பன் விலை குறைந்தாலும், சலூனில் கல்யாணப் பெண்ணோடு வரும் தோழிக்கு முடி இலவசமாகக் கட்டிவிட்டாலும் அதில் வரும். படம் நான்தான் எடுப்பேன், வாசகமும் நான்தான். டவுனைச் சுற்றி மேப்பில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு எங்கள் ஊர்ப் பன்னைக் காட்டி என்ன பிரயோசனம்?

அன்றைக்குப் போன் நிற்காமல் அதிர்ந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு பார்த்தால், பவாஸ் நானாவின் 'பஹ்மா டெக்ஸ்' துணிக்கடைக்கு நான் எழுதிய தீபாவளி விளம்பரத்தை யாரோ படம் பிடித்து, கொழும்பில் ஒரு பகிடிப் பக்கத்தில் போட்டிருந்தான். நான் எழுதியது இதுதான்:

'தீபாவளிக்கு பஹ்மா டெக்ஸ் வாங்க! சாரி லாபம், சட்டை லாபம், புள்ளைங்க உடுப்பு ரொம்ப ரொம்ப லாபம். ஞாயிறு முழுக்க லாபத்துக்கே குடுக்கிறோம்!'

அதற்கு மேலே அவன் எழுதியிருந்தது: 'இலங்கையின் ஒரே நேர்மையான முதலாளி. தானே ஒப்புக்கொள்கிறார்.'

எனக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். இதில் எங்கே பகிடி? கீழே ஒரு பெரியவர் பாடமே நடத்தியிருந்தார். லாபம் என்றால் வியாபாரிக்குக் கிடைக்கும் ஆதாயம், வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய சொல் மலிவு, இந்த அழகான சொல்லை மறந்து தமிழைக் கொல்கிறார்கள் என்று. அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் லாபம் என்றால் மலிவு. சிங்களத்தில் மலிவுக்கு 'லாபாய்' என்பார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அப்படியே ஊறிவிட்டது. 'தக்காளி லாபமா?' என்று கேட்டால் இங்கேயும் புரியும், வரக்காப்பொலவிலும் புரியும். அந்தப் பெரியவருக்குப் புரியாதது என் குற்றமா?

இன்னொருவன் 'தோட்டக்காட்டுத் தமிழ்' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையை வரிசையாக ஒட்டியிருந்தான். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் 'எங்க ஊர்ல லாபம்னா மலிவுங்க' என்று மட்டும் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவிசாவளையில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்து, அங்கேயே போர்டிங்கில் கிடந்தவள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். ஒருமுறை வந்து சமைக்க நின்றபோது உப்பைத் தேடினேன். என் மகள் டிலக்ஷி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தவள், ஓடிவந்து, "உப்பு இந்த டின்ல இருக்குங்க" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி, மரியாதையாக. அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. லீவு போட்டு வந்து இந்த விளம்பர வேலையை ஆரம்பித்தேன். லீவு இந்த ஞாயிறோடு முடிகிறது. விற்பனை நன்றாக நடந்தால் வருஷம் முழுக்க எல்லா விளம்பரமும் எனக்கே என்று பவாஸ் நானா சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் திங்கட்கிழமை அவிசாவளை பஸ்.

டவுனுக்கு ஓடினேன். பவாஸ் நானா கல்லாவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சாதாரணமாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பாத மனிதர்.

"என்ன புள்ள எழுதி வெச்சீக்கிற? கொழும்பிலீந்து சாமான் தார ஆள் கோல் எடுத்துச் சிரிக்கிறார். பவாஸ் ஹாஜியார் லாபத்துக்கு விக்கிறாராம் எண்டு. ஆரு நஷ்டத்துக்கு விக்கிற?"

"நீங்களும் வாசிச்சிட்டுத் தானே நானா சரின்னீங்க?"

"வாசிச்சன் தான். அப்ப எனக்கு ஒண்டும் தெரியல்லயே." கொஞ்சம் தணிந்தார். "மலிவு எண்டு மாத்து."

"மாத்தினா பேஸ்புக்ல மறுபடி செக் பண்ணுவாங்க நானா. அது முடியிற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாது. நாளைக்கும் முடியலாம், திங்கக்கெழமயும் முடியலாம்."

நானா தாடியைச் சொறிந்தார். கல்லாவில் இருந்த அவர் மனைவி நஸ்லின் தாத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முஸ்லிம் வீடுகளில் அண்ணன் நானா, அக்கா தாத்தா.

"அப்ப கெடக்கட்டும்," என்றார் நானா. "ஆனா ஞாயித்துக்கெழம சனம் வராட்டி, இந்த போன் வெளாட்டு ஒண்டும் இனி எனக்கு வாணாம். மைக் கட்டின த்ரீவீலே போதும்."

சனிக்கிழமை நான் நானாக இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு பேர் என் எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கிறவன் கொழும்பில் இருக்கிறான், மட்டக்களப்பில் இருக்கிறான், கனடாவில் இருக்கிறான். அவனா ஓப்பநாயக்கவுக்கு வந்து பிள்ளைக்குச் சட்டை வாங்கப்போகிறான்? வட்டத்துக்குள் இருக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்கள் ஒருவரும் வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சில்லாத தன்மைதான் என்னை அரித்தது. வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டார்களோ?

வீட்டுக்கு வந்தால், என் கணவர் கிருஷ்ணராஜ் அலுமாரிக்கு மேலிருந்து என் பயணப் பையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"அத எதுக்கு இப்ப எடுத்தீங்க?"

"சும்மா தான் ஷாமி. பூஞ்சு புடிச்சிருந்துச்சு. போறதா இருந்தா தேவப்படும்ல?"

"போறதா இருந்தா நான் எடுத்துக்குவேன். மேல வைங்க!"

நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எனக்கோ கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. டிலக்ஷி பையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞாயிறு காலையில் கடை வெறிச்சோடிக் கிடந்தது. நானும் கடைப் பெண்களும் அடுக்கியதையே மறுபடி அடுக்கினோம். முதலில் வந்தவர்கள் இரண்டு இளந்தாரிகள். பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள். உள்ளே வந்து, "லாபத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு, ஒருவனை ஒருவன் இடித்துச் சிரித்தார்கள். நானா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாரிக் கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பலாங்கொடைப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றதும்தான் சனம் இறங்கியது. அதன் பின்னால் த்ரீவீல்கள். தாயும் பிள்ளையும், புருஷனும் மாமியாருமாக நாலு தோட்டத்துச் சனம் வந்தது. செருப்புச் சேற்றில் கடைத் தரையே தெரியவில்லை. வந்தவர்கள் சிரிக்க வரவில்லை. புடவையைப் பிரித்துப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், வாங்கினார்கள். எனக்கு மூச்சு வந்தது. அளவு பார்த்து எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கை வலித்தது.

மத்தியானம் போல கோகிலா அக்கா வந்தார். எங்கள் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர், வாய் அடங்காத மனிதி. பேத்திக்கு ஒரு மஞ்சள் ஃப்ரொக்கைத் தூக்கிப் பிடித்து, "மொதலாளி, இது லா..." என்று ஆரம்பித்தார். அந்த இளந்தாரிகள் இன்னும் போகவில்லை. ஒருவன் போனை அவர் பக்கமாகத் திருப்பினான். அக்கா அதைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "டிஸ்கவுண்ட் இருக்குங்களா?" என்றார்.

அந்த மனிதி என் வயதுக்கும் மேலான காலமாகச் சந்தையில் வாய் கிழியக் கேட்ட சொல். அதை அவர் விழுங்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "லாபம் தாங்கக்கா, எடுத்துக்கங்க," என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு சுருக்கென்று போய்விட்டார்.

பொழுது சாயும்போது அலுமாரிகள் பாதி காலி. நானா பிளேன்டீ வரவழைத்து என் கையிலேயே தந்தார். அப்படியொரு மரியாதை அதற்கு முன் நடந்ததில்லை.

"புள்ள, நான் சும்மா ஏசிட்டன். வருஷம் முழுக்க வேல ஒனக்குத் தான். அடுத்தது ஸ்கூல் சாமான். இப்பவே ஒண்டு எழுது." பிறகு குனிந்து, ரகசியம் போலச் சொன்னார். "ஆனா இதே மாதிரி எழுதணும். ஒவ்வொண்டுலயும் ஒரு பிழ போடு. சனம் சிரிக்கும், சிரிச்சுச் சிரிச்சு நாடு முழுக்க அனுப்பும். அது தான் இண்டக்கி இவ்வளவு சனம். வெளங்கிச்சா? பிழ இல்லாம சப்பெண்டு எழுதிறதெண்டா, அதுக்கு நீ என்னத்துக்கு?"

சரிங்க நானா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டிலக்ஷி மூடிய ஜிப் கண்ணுக்குள் நின்றது. ஒரு பிழைதானே? ஊரில் எல்லாரும் வயிற்றுக்காக என்னென்னவோ செய்கிறார்கள். ஒரு சட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

ஒரு பிழைகூட வரவில்லை. எதைப் பிழையாக எழுதுவது? பிழை எது என்று தெரிந்தால்தானே பிழை விடலாம். லாபம் பிழை என்று வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்து, இதற்குச் சிரிப்பார்களா, அதற்குச் சிரிப்பார்களா என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே சிரிப்புக்குரியதாகத் தெரிந்தது. கோகிலா அக்கா பேசுவது, என் புருஷன் பேசுவது, என் மகள் பேசுவது. அவர்கள் சிரிக்க வேண்டுமென்றால் நான் ஒன்றும் மெனக்கெட வேண்டாம், எங்கள் வீட்டில் பேசுகிறபடி எழுதினாலே போதும். நெஞ்சு கசந்தது. சரி என்று அப்படியே எழுதினேன்:

'ஸ்கூல் தொறக்கப் போகுது. பேக்கு, சப்பாத்து, வெள்ள உடுப்பு எல்லாம் வந்திருக்கு. சாமான் சோக்கு. வெல கேக்க வெக்கப்படாதீங்க. ஒங்க வாயில வர்ற மாதிரியே கேளுங்க, நாங்களும் அப்படியே பதில் சொல்றோம்.'

போனை நானாவிடம் நீட்டினேன். "எழுதிட்டேன் நானா. பிழை எங்கனு காட்டுங்க."

மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். உதடு அசைய இன்னொருமுறை வாசித்தார். சிரிக்கத் தயாராக வைத்திருந்த முகம் மெல்ல மாறியது. "நஸ்லின், இங்க பாருங்க," என்று மனைவியிடம் கொடுத்தார்.

நஸ்லின் தாத்தா சத்தமாக வாசித்தார். "இதுல என்ன ஈக்கி? சரியாத் தானே எழுதீக்கி."

"எனக்கும் தெரியல்ல," என்றார் நானா.

"நானா," என்றேன். "காலைல சிரிச்சவங்க ஒரு கைக்குட்ட கூட வாங்கல. வாங்கினவங்க ஒருத்தரும் சிரிக்கல. அவங்களுக்கு அதுல பிழையே தெரியல, நம்ம மூணு பேருக்கும் தெரியாத மாதிரி. இத நான் நம்ம ஊர்ப் பக்கத்துக்கு மட்டும் தான் காட்டுவேன். பிழை போட்டு எழுதச் சொன்னீங்கன்னா, நாளைக்கு நான் அவிசாவளைக்குப் போயிர்றேன்."

"அப்ப இண்டக்கி மாதிரி சனம் வருமா?"

"தெரியாதுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சேறு அப்பிய தரையைப் பார்த்தார். வெளியே கடைசி த்ரீவீல் ஏதோ ஒரு தோட்டத்தைப் பார்த்து ஏறிப் போகிற சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"நில்லு புள்ள." போனை நஸ்லின் தாத்தாவிடமிருந்து வாங்கி என் கையில் வைத்தார். "பிழ ஒண்டும் இல்ல. போடு."